காக்காவின் மடக்குக்கத்தியும் நான் விட்ட எண்ணெயும்

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். நாலு பேர் முன்னால் கதைக்கவும் வெட்கம். என் கூடப்பிறந்த மூத்தவர் காக்கா மௌத்தாகி ஒரு வருசம் ஆகிறது, நினைவு மலருக்கு மாமியும் எழுதத்தான் வேணும் என்று காக்காவின் மகள் றிஸ்வானா கொப்பியையும் பேனையையும் என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காக்கா பிறந்தது கல்முனைக்குடியில், கடற்கரைப் பக்கம். வாப்பா கரைவலை இழுத்தவர்கள். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே வாப்பா மௌத்தாகிவிட்டார்கள். காக்கா படிப்பை விட்டுவிட்டுச் சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்கு மூட்டை சுமக்கப் போனார்கள். சுமந்து சுமந்து, கடைசியில் அங்கேயே நெல் பார்க்கிறவராக ஆனார்கள். வரிப்பத்தான்சேனைப் பக்கமிருந்து மூட்டைகள் வந்து இறங்கினால், இடுப்பு வாரிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்துச் சாக்கின் தையலைக் கொஞ்சம் பிரித்து, நெல்லைக் கடித்துப் பார்த்துச் சொல்வார்கள். சொந்தக்காரனின் நெல்லென்றாலும் ஈரம் என்றால் ஈரம்தான். அதற்காகக் கோபித்தவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். ஆனால் பிரித்த சாக்கைத் தன் கையாலே திரும்பத் தைக்காமல் காக்கா விட்டதில்லை.

எனக்குத் தையல் மெசின் வாங்கித் தந்ததும் காக்காதான். அதனால்தான் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆத் தொழுகைக்கு முன் என் வீட்டுக்கு வருவார்கள். கத்திக்கு மெசின் எண்ணெய் ஒரு சொட்டு வேணும். கத்தியை விரித்து, மூட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைப்பார்கள். நெருப்புக்குச்சியில் துணி சுற்றி, கொம்புப் பிடியின் நடுப் பள்ளத்தில் இருக்கும் சாக்குத் தும்பையும் தவிட்டுத் தூளையும் கிண்டி எடுப்பார்கள். நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகுதான் மூட்டில் அந்த ஒரு சொட்டு. பத்துத் தரம் திறந்து மூடி, அலகை மட்டும் திரும்பத் துடைப்பார்கள். பழம் வெட்டித் தின்கிற கத்தியல்லவா.

"ஒரு சொட்டுக் காணுமா காக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஓம் புள்ள, கூடினா ஊத்தை புடிக்கும். மிச்சத்தை உன்ட நாக்குக்கு விடு. அப்பயாவது நாலு வார்த்தை கதைப்பாய்."

நான் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கடல் பொங்கி வந்த காலையில் றிஸ்வானாவின் உம்மா, என் மதினி, தண்ணீரோடு போய்விட்டார்கள். றிஸ்வானா அன்று என் வீட்டில் நின்றதால் தப்பினாள். காக்கா தென்னையொன்றைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்தார்கள். வீடிழந்த எல்லோரோடும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது காக்கா அழவில்லை. உப்புத் தண்ணீர் போய்த் துருவேறி மூடிக்கிடந்த அந்தக் கத்தியை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் அது திறந்தது. அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை. றிஸ்வானாவுக்கும் தெரியாது.

போன வருசம் நோயோடு காக்காவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த ஒன்றரை மாதமும் கத்தி என்னிடம் இருந்தது. "மாமி, வாப்பாட கத்தி பத்திரம்" என்று றிஸ்வானாதான் தந்தாள். நான் ஒரு நினைப்பு நினைத்தேன். வருத்தக்காரரின் வாய்க்குப் போகிற சாமான், அதில் மெசின் எண்ணெய் எதற்கு என்று. தேங்காயெண்ணெயை எடுத்து மூட்டில் தாராளமாக விட்டு, மடக்கி, சீலைத் துண்டில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். பழைய ஊத்தையைக் கிண்டவுமில்லை.

காக்கா வீட்டுக்கு வந்த மறுநாள் கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் மலர்ந்தது. தோடம்பழம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அலகின் குழியில் நகத்தை வைத்து இழுத்தார்கள். வரவில்லை. மற்றக் கையால் இழுத்தார்கள். வரவில்லை. கத்தியைப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விரல்களை விரித்துப் பார்த்தார்கள்.

"பெலன் போயிட்டுது புள்ள. சரி, இனி நீங்கதான் எல்லாம் வெட்டித் தரணும்."

"அப்பிடிச் சொல்லாதீங்க வாப்பா" என்று றிஸ்வானா அழுதாள்.

நான் கத்தியைக் கையில் எடுத்தேன். மூட்டில் மஞ்சளாகப் பசை மாதிரி எண்ணெய் இறுகியிருந்தது. என்னாலும் திறக்க முடியவில்லை. காக்காவின் விரலில் ஒரு குறையுமில்லை, கத்தியில்தான் குறை என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. காக்கா அப்படி நினைக்கவேயில்லை. தங்கச்சி வைத்திருந்த கத்தியல்லவா. சொல்ல வாயெடுத்தேன். வெட்கம் வந்துவிட்டது. சுத்தம் செய்துகொண்டு வந்து பிறகு சொல்லுவோம் என்று கொண்டுபோய்விட்டேன்.

அன்று பகலே றிஸ்வானா சோறு ஊட்டக் காக்கா வாயைத் திறந்தார்கள். அதுவரை ஆஸ்பத்திரியிலும் தன் கையால் தின்றவர்கள்.

காக்கா செய்கிற மாதிரியே ஊறவைத்து, கிண்டி, துடைத்து, ஒரு சொட்டு விட்டேன். நகம் பட்டதும் திறந்தது. வெள்ளிக்கிழமை கொண்டுபோனேன்.

"உள்ளுக்கு வை புள்ள. எனக்கு இனி என்னத்துக்கு?"

"ஒருக்காத் திறந்து பாருங்களன் காக்கா."

தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்கள். நான் விட்ட எண்ணெயால்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பக்கத்திலேயே குந்தியிருந்தேன், சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஊரார் காக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

அந்தச் சொல்லைத்தான் இப்போது எழுதியிருக்கிறேன். காக்காவைக் குளிப்பாட்டியவர்களுக்கும், சந்தூக்குத் தூக்கியவர்களுக்கும், சம்மாந்துறையிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்த ஆலைக்காரர்களுக்கும், ஏழு நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. காக்காவின் பிழைகளைப் பொறுத்து அவர்களுடைய கபுறுக் குழியை வெளிச்சமாக்குவானாக. காக்காவோடு மனத்தாங்கல் உள்ளவர்கள் மன்னித்துவிடுங்கள். என்னையும்தான்.

ஆலையில் காக்கா எத்தனை வருசம் இருந்தார்கள், கத்தியை அக்கரைப்பற்றில் வாங்கினார்களா வேறெங்குமா என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. விபரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். றிஸ்வானா, மாமியின் எழுத்துப்பிழைகளையும் நீதான் பார்க்க வேணும். எண்ணெய் விசயத்தில் மட்டும் கை வைக்காதே மகள். அது நடந்தபடியே இருக்கட்டும்.