கடற்கரைச் சாலையில் ஆடிய கலாவதி

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ராணி போன் செய்தாள். "விஜிக்கா, கலாக்கா போயிட்டாங்க" என்றாள். எங்கே என்று கேட்டேன். அவர் எங்காவது போய்க்கொண்டே இருப்பவர்தான். ராணி அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. தூக்கத்திலேயே இதயம் நின்றுபோயிருந்தது.

புதுச்சேரியில், எங்கள் சாரம் பகுதியில் கலாவதியைத் தெரிந்தவர்கள் இரண்டு வகை. அவரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் ஒரு வகை. அவர் ஆட ஆரம்பித்ததும் தைக்கக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டவர்கள் இன்னொரு வகை. இரு வகையினரும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மில் மூடியபோது அவருடைய கணவருக்கு வேலை போனது. சில வருடங்களில் கணவரும் போனார். கலாக்கா வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, ஒரே மகள் சுதாவை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். சுதாவுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவளுடைய பிரசவத்துக்குத் துணையாகப் போன இடத்தில்தான், ஒரு சனிக்கிழமை, அந்தச் சின்ன ஊரின் சந்தைத் திடலில் ஆறு பேர் முழங்காலுக்குக் கீழே சலங்கை கட்டிக்கொண்டு, வெள்ளைக் கைக்குட்டைகளை வீசிக் குதித்து ஆடுவதைப் பார்த்தார். அடுத்த ஆட்டத்தில் கைக்குட்டையை வைத்துவிட்டுக் கழிகளை எடுத்து ஒருவர் கழியில் ஒருவர் தட்டினார்கள். மோரிஸ் ஆட்டம் என்று சுதா சொன்னாளாம்.

"அதுல ஒருத்தி என்னவிட வயசானவ, விஜி. நல்ல தொப்பை வேற. சிரிக்கிறவங்க சிரிச்சாங்க. அவ கண்டுக்கவே இல்ல. நான் அங்கயே நின்னுட்டேன்" என்று சொல்வார். மறுவாரம் அவர்களே அவரை வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். பேத்தியைத் தோளில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டே சமையலறையில் அடவுகளைப் பழகியிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் முதலில் என்னைத்தான் பிடித்தார். நாங்கள் சாயங்காலம் சேர்ந்து நடப்பவர்கள்.

"எனக்கு ஆடவெல்லாம் வராதுக்கா."

"நடக்க வருதில்ல? அது போதும்."

இட்லிக் கடை ராணி சேர்ந்தாள். எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்துவான் முசியேவிடம் விரித்து மடக்கி வாசிக்கும் ஓர் அக்கார்டியன் பெட்டி இருப்பது கலாக்காவுக்கு எப்படித் தெரிந்ததோ. மகள் போனில் அனுப்பிய மெட்டுகளைப் போட்டுக் காட்டி, அவரையும் கூட்டி வந்துவிட்டார். சவுக்குக் கழிகளைச் சீவி, முனைகளில் சாயம் பூசிக்கொண்டோம். வெள்ளைச் சுடிதாருக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையைக் கலாக்காவே தைத்துக் கொடுத்தார். அவர் வீட்டு மொட்டை மாடியில் பழகினோம். ராணியின் கழி என் விரலில் விழாத நாளே கிடையாது.

நன்றாகப் பழகிய பிறகு வெளியே ஆடலாம் என்று நாங்கள் சொன்னோம். கலாக்கா கேட்கவில்லை. "நல்லா வர்றதுக்குள்ள கிழவியாயிடுவோம். இப்பவே போவலாம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, போலீஸ்காரர்கள் வண்டிகளை விடுவதை நிறுத்திய பிறகு, கடற்கரைச் சாலையில் போய் நின்றோம்.

நான் ராணியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். முசியே பெட்டியை விரித்து, "அலோன், மதாம்!" என்று பிரெஞ்சில் கிளம்பச் சொன்னதும் கலாக்கா முன்னால் பாய்ந்தார். சலங்கைச் சத்தத்துக்குக் கூட்டம் திரும்பியது. போன்கள் உயர்ந்தன. "ஆன்ட்டி, பாத்து! இடுப்பு புடிச்சிக்கும்!" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. நான் இடதுபக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலதுபக்கம் திரும்பி ராணியை இடித்தேன். ராணியின் கழி கைநழுவிச் சுண்டல் வண்டிக்கு அடியில் உருண்டது. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் வந்து, என்ன கூட்டம், அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்.

"இங்க நடக்கறதுக்கு அனுமதி வேணுங்களா சார்?" என்றார் கலாக்கா.

"நடக்கறதுக்கு வேணாம்."

"நாங்களும் நடக்கத்தான் செய்யறோம். கொஞ்சம் எகிறி எகிறி நடக்கறோம்."

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வழியை மறைக்காமல் ஆடச் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலாக்காவின் கொழுந்தனார் வந்தார். ரெட்டியார்பாளையத்தில் இருப்பவர். குடும்பத்தோடு காற்று வாங்க வந்திருந்தார்.

"இன்னா அண்ணி இது? எங்கண்ணன் போயி சேர்ந்துட்டாரு. நீங்க ரோட்டுல சலங்க கட்டிக்கினு ஆடறீங்க. எங்க மானம் போவுது" என்றார்.

முசியேவின் விரல்கள் நின்றுவிட்டன. கலாக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"செத்தது உங்கண்ணன், தம்பி. நான் சாவல."

அவ்வளவுதான். பிறகு திரும்பி, "முசியே, முதல்லருந்து வாசிங்க" என்றார். முதலிலிருந்து ஆடினோம். நான் அதே இடத்தில் அதே பக்கம் தவறாகத் திரும்பினேன். இம்முறை ராணி விலகிக்கொண்டாள். முடிந்தபோது கைதட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் நான் யார் முதுகுக்குப் பின்னாலும் ஒதுங்கவில்லை.

கூட்டம் கலையும்போது கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் வந்தார். "நம்மிடம் ஒயிலாட்டம் இருக்கும்போது வெள்ளைக்காரன் ஆட்டம் எதற்கம்மா? அதிலும் கைக்குட்டைதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

"சின்ன வயசுல எங்க தெருவுல ஒயிலாட்டம் ஆடுவாங்க சார். ஆம்பளைங்க மட்டும். நானும் வரேன்னேன், தொரத்தி விட்டாங்க. இவங்க வா-ன்னாங்க. நீங்க சொல்லிக்குடுங்க, அதையும் ஆடறேன்" என்றார் கலாக்கா. கதர்ச்சட்டைக்காரர் சொல்லிக் கொடுக்க வரவில்லை.

அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. அதன் கீழே எழுதியிருந்தவற்றை இங்கே எழுத மாட்டேன். கலாக்கா அவற்றை எங்களிடம் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "இவ்ளோ பேர் பாத்திருக்காங்க பாரு" என்பார். தையல் வேலை குறைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனோம். அதற்கடுத்ததும் போனோம். கைதட்டுகிறவர்கள் கூடினார்கள். கத்துகிறவர்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சுதா இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் கலாக்காவை எடுத்தார்கள். நாங்கள் வெள்ளை உடையில், சலங்கை கட்டி வாசலில் நின்றோம். கொழுந்தனார் எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்தார். "பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கணும். இந்தக் கூத்தெல்லாம் இங்க வேணாம்" என்றார்.

சுதா எழுந்து வந்தாள். அழுது வீங்கிய முகம். "சித்தப்பா, எங்கம்மா தெருமுனையோட நின்ன ஆளில்ல. அவங்ககூட ஆடனவங்க ஆடிக்கினே வரட்டும். நானும் கடைசி வரைக்கும் வரேன்" என்றாள்.

முசியே ஆட்டோவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டு வந்தார். மேளக்காரர்கள் முதலில் திகைத்து நிறுத்தினார்கள். பிறகு மெட்டைப் பிடித்துக்கொண்டு எங்களோடு சேர்ந்தார்கள். நாங்கள் ஐந்து பேர், ஆறாவது இடத்தைக் காலியாக விட்டு, பாடைக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனோம். தெருமுனையைத் தாண்டினோம். மார்க்கெட் பக்கம் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சுடுகாட்டு வாசல் வரைக்கும் போய், உள்ளேயும் போனோம். கொழுந்தனார் கடைசி வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

அவருடைய சலங்கையைச் சுதா எடுத்துப் போய்விட்டாள். மகளுக்குக் கட்டுவாளாம். கழி ராணியிடம் இருக்கிறது. எனக்கு வந்தது வேறு. வரிசை மாற வேண்டிய நேரத்தில் ஒருவர் குரல் கொடுத்தால்தான் ஆட்டம் நகரும். அந்த வேலை கலாக்காவுடையது. இனி நீதான் என்று நால்வரும் என்னைச் சொன்னார்கள். பக்கத்து மேசைக்குக் கேட்காமல் பேசியே அலுவலகத்தில் காலம் தள்ளியவள் நான்.

போன சனிக்கிழமை ராணி வீட்டு மாடியில் முதன்முறையாகக் கூவினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு முகம் எட்டிப் பார்த்து, "இன்னும் நிறுத்தலியா இவங்க?" என்றது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு, இன்னும் சத்தமாகக் கூவினேன்.