எந்தக் கணக்கில் வந்த படம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை. இரண்டு பேருக்குமே நிம்மதி. ஓசூரில் அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றும் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. கூட ஊற்றுகிறவன் நாட்றாம்பாளையத்துக்காரன். மத்திகிரியில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம்.

ஒருநாள் அவன் ஊற்றிய பாகங்கள் விரிசல் விட்டன. மறுநாள் வாட்சப் குரூப்பில் ஒரு கலர் படம் வந்தது. பாகம் முழுக்கச் சிவப்பு, ஒரு மூலை மட்டும் நீலம். அலுமினியக் குழம்பு ஆறிய பிறகு ஊற்றியதால் வந்த நீலம் என்றார் சூப்பர்வைசர். என் முட்டியை ஸ்கேன் எடுத்தார்களே, அதுபோல உடைந்த பாகத்தை எடுத்த படம் என்றே எல்லோரும் நினைத்தோம். நான் பெரிய டாக்டர் மாதிரி அதைப் பெரிதாக்கிப் பார்த்துத் தலையாட்டினேன்.

அவனுக்கோ சோறு இறங்கவில்லை.

"ஆறிப்போனதத்தான் ஊத்திட்டேன் போலடா. படத்துலயே வந்துடுச்சே."

வேலையிலிருந்து நிற்கச் சொன்னால் பேசாமல் போய்விடுவதாகச் சொன்னான்.

இந்தச் சூட்டில் ஊற்றினால் பாகம் எப்படி வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு இந்தப் படங்களை எடுக்கிற இன்ஜினியர் ஒரு கன்னடப் பெண். அவனை நிறுத்துவது பற்றிய மீட்டிங்குக்கு முன்னால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எந்தக் கணக்கு, எத்தனை டிகிரி என்று காட்ட, படத்தின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்குமாம். போனில் பெரிதாகத் தெரியட்டும் என்று யாரோ அதை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு படமும் எந்தெந்த எண்ணைக் கொடுத்து வந்தது என்பது கம்ப்யூட்டரில் இருக்குமாம். அவர் பழைய கணக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து ஓரிடத்தில் நிறுத்தினார். பாகம் உடைவதற்கு முன்பே போட்ட கணக்கு. குழம்பு ஆறினால் என்ன ஆகும் என்று பார்க்க, வேண்டுமென்றே சூட்டைக் குறைத்துக் கொடுத்திருந்தார்.

"நான் போட்டதுதாண்ணா இது. நீங்க ஊத்துனது இதுல இல்லவே இல்ல."

மீட்டிங்கிலும் அதையே காட்டினார். அவனை நிறுத்தவில்லை. வெளியே வந்ததும் அவன் அவரிடம் கேட்டான்.

"அப்போ அன்னிக்கு நான் சூடாத்தான் ஊத்தினனா மேடம்?"

"தெரியாதுண்ணா. அன்னிக்குச் சூட்டை யாரும் குறிச்சு வைக்கல. இந்தப் படம் அதைச் சொல்லாது."

அவன் தலையாட்டிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டான்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு முறை ஊற்றும் முன்னும் என்னைக் கூப்பிடுகிறான். குழம்பின் சூட்டைக் காட்டும் மீட்டரில் தெரியும் எண்ணை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எழுத்துதான் எனக்குத் தகராறு, எண் வரும். நான் சொன்ன பிறகுதான் கரண்டியைச் சாய்க்கிறான். தப்பாகப் படித்து விளையாடலாம்தான். இதுவரை மனசு வரவில்லை.