இத்தா முடியட்டும்

கிண்ணியாத் துறையில் பஸ்ஸையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கும் 'பாதை' என்ற மிதவைப் படகில் இருபது வருஷம் வேலை செய்த ஆதம்பாவா, எழுபத்தோராம் ஆண்டு ஒரு காலை, கயிற்றைப் பிடித்தபடியே சரிந்து மவுத்தானார். மனைவி சுபைதா வெள்ளை உடுத்து அறைக்குள் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்குவதில்லை.

முதல் கிழமையே நெஞ்சுக்குழியில் நோவு கண்டது. சோறு இறங்கவில்லை, இறங்கியதும் தங்கவில்லை. பார்க்க வந்த பெண்களெல்லாம் ஒரே நாளில் டொக்டர்களாகிவிட்டார்கள். "கவலைதான் மதினி, வேற என்ன?" என்று ஆதம்பாவாவின் தங்கை ஆமினா உம்மா கண்ணைத் துடைத்தாள்.

சுபைதாவுக்கு அந்தக் கதை பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கண்ணீர் வற்றிவிட்டது, அவருக்கென்று நோவாவது மிஞ்சியிருக்கிறதே! புருஷன் போன கையோடு வயிறு முட்டத் தின்கிறவளா அவள்?

ஒரே மகள் ஜெஸீமாவுக்குப் பதினான்கு வயது. அவள்தான் பயந்தாள்.

"உம்மா, எலும்பெல்லாம் தெரியுது. பெரியாஸ்பத்திரிக்குப் போவமே. வாப்பாவும் இல்ல, நீங்களும் போனா நான் ஆரிட்டப் போறது?"

"இத்தாவில இருக்கிறன் புள்ள."

ஜெஸீமா பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவந்தாள். அவர் திரைக்கு வெளியே நின்று, "நோய் வருத்தமெண்டா மருந்துக்குப் போகலாம். மார்க்கம் தடுக்கல்ல" என்றார்.

"இது நோயில்ல லெப்பை, அவரிட கவலை. இத்தா முடியட்டும்."

இத்தா முடிந்த மறுநாள் அவளைக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கி, அதே பாதையில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே படம் பிடித்த டொக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"வயித்தில கட்டி. முத்திப்போச்சு, இனி வெட்டி எடுக்க ஏலாது. நோவு வந்த உடன வந்திருந்தா ஏதும் செய்திருக்கலாம்."

"அது கவலையில வந்த நோவு, டொக்டர்."

"இல்லையம்மா. இந்தக் கட்டி வளர ஒரு வருஷமாவது எடுத்திருக்கும்."

ஒரு வருஷம். அப்போது ஆதம்பாவா உயிரோடு வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார். அவருக்காக நோகிறது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த நோவு அவருடையதே இல்லை.

ஜெஸீமா நிலத்தில் குந்தியிருந்து கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மவுத்தானது வாப்பா. நான் உசிரோட இருந்தனானே, உம்மா" என்றாள்.