சரியாகச் சொன்னவர்கள்

மூன்றாவது நாளாகப் பட்டியலில் நத்தையைக் காணவில்லை. ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையற்காரி, போனை இன்னொரு முறை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். ‘சரியாகச் சொன்னவர்கள்: 27 பேர்’ என்றிருந்தது. பென்சில் இருந்தார், மழைக்குருவி இருந்தாள், பாதித்தூக்கம் கூட இருந்தார். நான்காவது இடத்தில் ‘ஊசி’ என்று அவளே இருந்தாள். நத்தை மட்டும் இல்லை.

ஒரு பட்டியலுக்காக ஒருத்தி ஏன் இப்படித் தவிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இணையத்தில் ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறார். எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். நேரடியாகக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. குறிப்பு ஒன்றைச் சொல்லும், விடை வேறெங்கோ ஒளிந்திருக்கும். எந்தப் புனைபெயரிலும் விடை அனுப்பலாம், கடவுச்சொல் எதுவும் இல்லை. எல்லாக் கட்டமும் சரியாக இருந்தவர்களின் பெயர் மட்டும் மறுநாள் பட்டியலில் வரும். ஒரு கட்டம் பிசகினாலும் பெயர் கிடையாது.

நத்தை அவளுடைய மகன். ஒரு தட்டுச் சோற்றை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு உட்காருவான் என்பதால் அவள் வைத்த பெயர். நான்கு வருடங்களுக்கு முன் வீட்டைவிட்டுப் போனான். போனவன் பழைய எண்ணை மாற்றிவிட்டான். அவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி இந்தப் பட்டியல்தான்.

அவள் புதுத் துணி தைப்பவள் அல்ல. பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவாள். புதிரைக் கற்றுக்கொடுத்தவனே அந்தப் பிள்ளைதான். ‘கடல் முனையில் வலை போட்டால் வருவது வருத்தமே (3)’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு அவள் அரை மணி நேரம் மீனவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மா, இங்க கடலும் இல்ல, மீனும் இல்ல. கடல்ங்கிற சொல்லோட முனை எது? ‘க’. அது பக்கத்துல வலைய வை. கவலை. வருத்தம்னா கவலைதானே? அவர் சொல்ற கதைய நம்பாத, சொல்லப் பிரிச்சுப் பாரு."

"பிரிக்கிறதா? அதானடா என் தொழிலு."

அவனுக்கும் அப்பாவுக்கும் ஆகாது. அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். குறித்த நேரத்துக்கு எடுத்து குறித்த நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர். மகனோ எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டவில்லை. "சொந்தக் கால்ல நிக்கத் தெரியாதவன் என் வீட்டுல நிக்க வேணாம்" என்று ஒரு மத்தியானம் டிரைவர் சொல்லிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் பட்டியலில் நத்தை வந்தது.

அன்றிலிருந்து அவள் ஒரு நாள்கூட விட்டதில்லை. விடியற்காலையில் நோட்டில் கட்டம் போட்டு, விடைகளை எழுதி அனுப்பிவிட்டு எட்டு மணிக்குக் கடைக்குப் போவாள். தன் பெயரும் அவன் பெயரும் ஒரே பட்டியலில் இருந்தால் அன்றைய பொழுது நன்றாகப் போகும். பட்டியலுக்குக் கீழே எல்லோரும் அரட்டை அடிப்பார்கள். அவள் மட்டும் அங்கே மகனைக் கூப்பிட்டு ஒரு வரி எழுதியதில்லை. கூப்பிட்டால் இருக்கிற பெயரும் ஓடிவிடுமோ என்று பயந்தாள். புத்தி கெட்ட பயம்தான், ஆனால் பெற்றவளின் பயம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருமுறை ஒன்பது நாள் அவன் பெயர் வரவில்லை. அவள் சாப்பாட்டைத் தொடவில்லை, கடையைத் திறக்கவில்லை, புதிரை மட்டும் நோட்டில் போட்டு அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பத்தாம் நாள் நத்தை வந்ததும் எழுந்து குளித்தாள்.

அதற்குப் பிறகு இப்போதுதான் இப்படி. போதாக்குறைக்கு டிரைவருக்கு விழித்திரை கிழிந்து ஆபரேஷன். நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் கவிழ்ந்து படுத்திருக்கிறார். தலையைத் தூக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. புருஷன் கண்ணுக்காக வேண்டுவதா, பிள்ளைக்காக வேண்டுவதா என்று தெரியாமல் தவித்தாள்.

பொறுக்க முடியாமல் வாத்தியாருக்கே எழுதினாள். ‘நத்தை விடை அனுப்பினாரா, தப்பாகவாவது அனுப்பினாரா, தயவுசெய்து சொல்லுங்கள்.’

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘நான்கு நாளாக அவரிடமிருந்து எதுவும் வரவில்லை அம்மா. வழக்கமாக உங்கள் விடை வந்த ஒரு மணி நேரத்தில் அவருடையதும் வந்துவிடும். நீங்கள் தவறும் அதே கட்டத்தில் அதே தவறோடு அவரும் தவறுவார். இருவரும் சேர்ந்து போடுகிறீர்கள் என்றே நினைத்திருந்தேன்.’

இரண்டு தடவை படித்தாள். தனக்குத் தப்பும் நாளில் அவன் பெயரும் இல்லாதது அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே மண்டை என்று டிரைவரிடம் பெருமையடித்திருக்கிறாள். அவர் "ம்" என்பார். ஆனால் அதே கட்டத்தில் அதே தவறா?

வாத்தியாரின் தளத்தில் பழைய பட்டியல்கள் எல்லாம் இருந்தன. நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டாள். ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் நத்தை. இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நாளாகக் குறித்துக்கொண்டு போனாள். நர்ஸ் வந்து மருந்துச் சீட்டை நீட்டியதும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டு மேலே குறித்தாள். இரண்டு வருடத்தில் அவள் அறுபத்து மூன்று நாள் தவறியிருந்தாள். அறுபத்து மூன்று நாளும் நத்தையும் இல்லை. ஒரு நாள்கூட அவள் தப்பி அவன் தப்பாமல் இருக்கவில்லை. அந்த ஒன்பது நாளுக்கு முந்தைய பட்டியல்களில் மட்டும் அவள் இல்லாத நாட்களில் அவன் இருந்தான். தான் அவன் அளவுக்குத் தேறிவிட்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தாளே, பைத்தியக்காரி.

யாரோ அவள் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவள் கடைக்குப் போன பிறகு அந்த வீட்டில் இருக்கிற ஆள் ஒருவர்தான். அந்த ஆளும் நான்கு நாளாக வீட்டில் இல்லை.

வார்டுக்குள் போனாள். டிரைவர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். முகம் ஓட்டை வைத்த தலையணைக்குள் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்குக் கீழே குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நத்தை நீங்களா?"

கட்டுப் போடாத கண் மூடிக்கொண்டது.

"எப்ப இருந்துங்க?"

"அந்த ஒம்போது நாளுக்கு அப்புறம்." தரையைப் பார்த்தே சொன்னார். "நீ சோறு தண்ணி இல்லாம கெடந்த. எனக்கு வேற வழி தெரியல. ஒரு நாளைக்கு மட்டும்னுதான் அவன் பேர்ல அனுப்பினேன். மறுநாள் நீ எந்திரிச்சு உக்காந்த. அப்புறம் எப்படி நிறுத்துறது?"

"அவன் எங்க இருக்கான்?"

"தெரியாது. அவன் கூட்டாளிகளத் தேடிப்போய் விசாரிச்சேன். யாருக்கும் தெரியல."

"ரெண்டு வருஷம்" என்றாள். "என் பிள்ள நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா நான் ஜிப் மாத்திட்டு இருந்திருக்கேன். அன்னைக்கே சொல்லியிருந்தா தெருத்தெருவாப் போயித் தேடியிருப்பேன்."

"கெடைக்கலன்னா என்ன பண்ணியிருப்ப?"

"கெடைக்கலன்னு தெரிஞ்சிருக்கும்ல."

அவருடைய மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அவளுக்கு அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலிருந்தது. தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவளுடைய கோணல் எழுத்தை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் போனில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது கை எழவில்லை.

"அழாதீங்க. கண்ணுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த காவலர் மகனின் வயது, உயரம், அடையாளம் எல்லாம் கேட்டு எழுதினார். பட்டியல் விவரத்தைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"புனைபெயர்ல யார் வேணா போடலாம்னு நீங்களே சொல்றீங்க. இதை வச்சு நான் என்னம்மா எழுதுறது? அவர் உயிரோட இருந்தது கடைசியா எப்ப உறுதியாத் தெரியும்? அந்தத் தேதிய மட்டும் சொல்லுங்க."

நோட்டைத் திறந்து, ஊசிப் பக்கம் காலியாகவும் நத்தைப் பக்கம் குறி விழுந்தும் இருந்த கடைசி நாளைத் தேடி விரலை வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பத்தொன்பதாம் தேதி. அதைச் சொன்னாள்.

"அது எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"அன்னைக்கு நான் தப்பாப் போட்டிருந்தேங்க" என்றாள். "அவன் சரியாப் போட்டிருந்தான்."