பின்சீட்டு மகான்

என் அப்பா ஒன்றரை மாதம் மகானாக இருந்தார். அவரைக் கேட்டுவிட்டு யாரும் அப்படி ஆக்கவில்லை. வேறு ஊராக இருந்தால் இது நடந்திருக்காது. திருவண்ணாமலையில், அதிலும் செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம், ஒரு மனிதன் பேசாமல் மலையைப் பார்த்து உட்கார்ந்தால் அவனைச் சும்மா விடமாட்டார்கள்.

அப்பா ஆட்டோ ஓட்டினார். நான் நான்காம் வகுப்பு. அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அவர் பேச்சு குறைய ஆரம்பித்தது. முதலில் சிரிப்பு நின்றது, அப்புறம் சண்டை நின்றது, கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்கும் "சாப்டியா" கூட நின்றுபோனது. காலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும் ஆட்டோ வரைதான் போவார். அதிலும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். எதிரே மலை. சாயங்காலம் வரை அப்படியே இருப்பார்.

"என்னாச்சுங்க? நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?" என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். சொல்வதற்கு அவரிடம் காரணம் எதுவும் இல்லை. யாரோடும் தகராறு இல்லை, வீட்டில் சாவு இல்லை. காரணம் இருந்திருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சைக்கிளை நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்துக் கைகூப்பி வெகுநேரம் நின்றுவிட்டு, அவர் காலடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். எதிர்வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்தால் தெருவே பார்த்த மாதிரி. மறுநாள் ஆட்டோவின் முன்கண்ணாடியில் சாமந்தி மாலை தொங்கியது.

அந்த வாரத்தில் அம்மா சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாள். ஒரு கல் உப்பு குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிற அப்பா, பேசாமல் முழுச் சோற்றையும் சாப்பிட்டு எழுந்தார்.

"பாத்தியா, நாக்கையே ஜெயிச்சிட்டாரு!" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

அம்மாவும் தலையாட்டினாள். பேசாத புருஷனுக்கு அவளுக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டுதான். ஒன்று சாமியார், இன்னொன்று பைத்தியம். அவள் முதல் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல இன்றும் எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கேட்டால், எனக்கு அது பொற்காலம். பள்ளிக்கூடத்தில் சாமியின் மகள் என்று மவுசு ஏறிவிட்டது. கணக்கில் முப்பது வாங்கிய தாளைக் கொண்டுபோய் அப்பாவின் காலடியில் வைத்து, அடுத்த பரீட்சைக்கு வரம் கேட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

வந்தவர்களில் ஆண்கள்தான் அதிகம். பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆண்கள் ஆட்டோவை ஒட்டிக் குந்திக்கொண்டு ரகசியமாகப் பேசுவார்கள். வேங்கிக்காலில் ஏதோ ஆபீசில் வேலை பார்க்கிறவர் ஒருவர், இஸ்திரி போட்ட பேண்டோடு மண்ணில் உட்கார்ந்து, "யாராண்டயும் சொன்னதில்ல சாமி" என்று ஆரம்பித்துச் சின்னப்பிள்ளை போல அழுதார். போகும்போது முகம் தெளிந்திருந்தது. அப்பாவின் முகம்தான் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. அத்தனை பேர் பாரத்தையும் கேட்டவரிடம், உனக்கு என்ன பாரம் என்று கேட்க ஆள் இல்லை.

ஆட்டோ ஸ்டாண்டில் அப்பாவுக்கு ஒரு சிநேகிதர் உண்டு. நான் அவரை மாமா என்பேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அறுவடைக்காகக் கீழ்பென்னாத்தூருக்குப் போயிருந்தவர், ஒரு திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வந்து சேர்ந்தார். கும்பிடவில்லை. நேராக ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"சாமி பக்கத்துல உக்காராதய்யா!" என்று எதிர்வீட்டு அத்தை பதறினாள். மாமா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தூக்கம் வருதாடா?" என்று அப்பாவைக் கேட்டார். தானே தொடர்ந்தார். "எனக்கும் வராமதான் இருந்துச்சு. மூணு வருசத்துக்கு முன்னால நானும் இப்பிடித்தான் உக்காந்துனு இருந்தேன். என்னைச் சோம்பேறின்னாங்க, உன்னைச் சாமின்றாங்க. அவ்ளோதான் வித்தியாசம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காரு. இன்னும் மாத்திரை போட்டுனுதான்டா இருக்கேன். எம் பொண்டாட்டியத் தவிர யாருக்கும் தெரியாது. உனக்குச் சொல்றேன்."

அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார். "முடியலடா" என்றார்.

எதிர்வீட்டு அத்தை, மௌனம் கலைந்துவிட்டதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா இறங்கி முன்சீட்டுக்குப் போனார். "நீயும் ஏறும்மா" என்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். நான் புத்தகப் பையோடு நடுவில் நுழைந்துகொண்டேன். ஒன்றரை மாதம் ஓடாத வண்டி நாலைந்து தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. மாலையும் கீலையுமாக நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக, "சாமி மலை சுத்தப் போவுது" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அதன் பிறகு மாத்திரைகள் வந்தன. வாரம் ஒருமுறை டாக்டரோடு பேச மாமாதான் கூட்டிப்போனார். கூட்டம் மெல்லக் கலைந்தது, பழம் நின்றது. நான் பழையபடி ஆட்டோக்காரர் மகளானேன். எல்லாவற்றையும் கெடுத்த மாமா மீது எனக்குக் கோபமான கோபம்.

சித்திரை பிறந்த சமயம், ஒரு வாரமாகச் சாம்பார் உப்புக் கரித்தது. நான் சொன்னால், "சும்மா சாப்டு" என்று அம்மா அதட்டினாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எட்டாம் நாள் அப்பா ஒரு வாய் போட்டவர், தட்டைத் தள்ளினார். "என்னாடி இது, உப்பு இவ்ளோ ஜாஸ்தி? மனுசன் சாப்புடறதா வேணாமா?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. "நாளைக்குக் கம்மியா போடறேங்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாக்கை ஜெயித்த மனிதர் இப்படித் தோற்றுவிட்டாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. திட்டு வாங்கியவள் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்றும் விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. அம்மாவுக்கு ஒருவழியாக உப்பின் அளவு கைக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.