இரண்டு மேசுக்குள் ஒரு கொலுசு

குளிர் என்றால் எனக்குப் பயம். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் பயம்தான். பனி கொட்டும் நாளில் என் பிள்ளைக்கு நான் உடுப்புப் போடுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். உள்ளே பெனியன், அதற்கு மேல் கழுத்து மூடிய கம்பளிச் சட்டை, அதற்கு மேல் இன்னொன்று, தொப்பி, தொப்பிக்கு மேல் சால்வை. காதுக்குள் குளிர் போனால் காய்ச்சல் நிச்சயம் என்பது எங்கள் ஆட்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் தெருவில் கண் மட்டும் தெரிய ஒரு பிள்ளை உருண்டு உருண்டு வந்தால், அது தமிழ்ப் பிள்ளைதான்.

"பிள்ளையைப் பார்சல் பண்ணிப்போட்டாய். முத்திரை ஒட்டுறதுதான் மிச்சம்" என்பார் என் கணவர்.

"உங்களுக்கென்ன? காய்ச்சல் வந்தா வேலைக்கு லீவு போட்டுட்டு நிக்கிறது ஆர்?" என்று நானும் விடமாட்டேன்.

மகளுக்கு அப்போது நாலு வயது. என் மச்சாளின், அதாவது கணவரின் அக்காவின், மகளுக்குச் சாமத்தியவீடு, வயதுக்கு வந்த சடங்கு. திரான்சியில் மண்டபம் எடுத்திருந்தார்கள். தாய்மாமன் என்பதால் கணவர் சோடனைச் சாமான்களோடு விடியவே வான் வண்டியில் போய்விட்டார். மாமி முறைக்கு நான் சடங்குப் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்க வேண்டும். நல்ல நேரம் முடிவதற்குள் நான் போய்ச் சேராவிட்டால், மச்சாள் வாயிலிருந்து அந்தக் கதை சித்திரை வரைக்கும் ஓடும். அந்த மச்சாளுக்கு நான் பயந்த பயம் குளிருக்குப் பயந்ததைவிடக் கூட.

அந்தப் பயத்தில்தான் கொலுசை எடுத்தேன். மகளின் பிறந்தநாளுக்கு மச்சாள் கொடுத்த வெள்ளிக் கொலுசு. கொஞ்சம் இறுக்கம். போடாமல் கூட்டிக்கொண்டு போனால், "நான் தந்தது பிடிக்கேல்லைப் போல" என்று சபையில் வைத்தே கேட்பா. மண்டபத்தில் போய்ப் போட்டிருக்கலாம். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது! சப்பாத்தைக் கழற்றியதும் பிள்ளை சலசலவென்று நடந்து போக வேண்டும், மச்சாள் திரும்பிப் பார்க்க வேண்டும். கொலுசின் திருகாணியை முறுக்கினேன். அதற்கு மேல் கம்பளி மேசு, அதுதான் காலுறை, ஒரு சோடி. வெளியே எட்டிப் பார்த்தேன், பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. இன்னொரு சோடியையும் இழுத்துப் போட்டேன். சப்பாத்துக்குள் கால் போக மறுத்தது. குதிக்காலை நிலத்தில் குத்தி, அழுத்தித் தள்ளினேன்.

"ஜே மால்" என்றாள். நோகுது என்று அர்த்தம். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு வழக்கம் அது.

"பனிக்குள்ளை போகேக்கை இறுக்கமாத்தான் இருக்கும். நட, நேரம் போகுது."

கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். ரயிலுக்குள்ளும் அதே பல்லவி. பிஸ்கட் ஒன்றைக் கையில் திணித்தேன். திரான்சியில் இறங்கினால், பனியால் பஸ் ஓடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். தலையில் கை வைத்தேன். ஒரு கையில் தட்டும் சேலையும் இருந்த பை, மறு கையில் பிள்ளை. கொஞ்சத் தூரம் போனதும் பனிக்குள் அப்படியே குந்திவிட்டாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம்.

"நடிக்காதை! உன்ரை சேட்டை எனக்குத் தெரியும். எழும்படி!"

எழும்பினாள். அழுதுகொண்டே வந்தாள். பிறகு அழுகை நின்றுவிட்டது. பார்த்தியா, கண்டிப்பாகச் சொன்னால் கேட்பாள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பாவி நான், அந்தக் கால்களுக்கு அதற்குமேல் நோவு தெரியாமல் போயிருந்தது.

மண்டபத்து உடுப்பு மாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றினேன். கணுக்காலைச் சுற்றிக் கொலுசின் ஒவ்வொரு முத்தும் குழியாகப் பதிந்து கிடந்தது. கால்விரல்கள் ஊறவைத்த பச்சையரிசி மாதிரி வெளுத்திருந்தன.

"எந்த விரலைத் தொடுறன், சொல்லு?"

அவள் காலைப் பார்க்கவில்லை. சரியான பதில் என்ன என்று என் முகத்தில் தேடினாள்.

அந்த நேரம் பார்த்து மச்சாள் உள்ளே வந்தா. "ஐயோ, உனக்கென்ன விசரே? சப்பாத்துக்குள்ளை ஆரும் கொலுசு போடுவினமே? இறுக்கினா ரத்தம் எப்பிடி ஓடும்?" என்று கத்திக்கொண்டே திருகாணியைக் கழற்றி, தான் கொடுத்த கொலுசை ஒரு மூலையில் எறிந்தா. பட்டுச் சேலையோடு நிலத்தில் குந்தி, பிள்ளையின் இரண்டு கால்களையும் தன் வயிற்றுச் சூட்டில் வைத்துத் தலைப்பால் மூடினா. ரத்தம் திரும்பி ஓடத் தொடங்கியதும் பிள்ளை வீரிட்டு அழுதாள். வெளியே, "மாமியைக் கூப்பிடுங்கோ, நேரம் போகுது" என்று குரல் கேட்டது. "நீ போ, நான் பாக்கிறன்" என்றா மச்சாள். நான் போனேன். போயிருக்கக் கூடாது. படங்களில் நான் சிரித்துக்கொண்டு பால் வைக்கிறேன். மகள் ஒன்றிலும் இல்லை.

டொக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்குத்தான் ஆறவில்லை. அதன் பிறகு ஒரு மேசுதான், சப்பாத்தும் ஒரு அளவு பெரிதாகத்தான். படியிறங்க முன் ஒவ்வொரு முறையும், "நோகுதோ?" என்று கேட்பேன். "இல்லை அம்மா" என்பாள். எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள் இதற்கு மட்டும் தமிழில் சொல்கிறாளே என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

இந்த மாரிக் குளிரில் ஒரு நாள் எபினே ஊருக்குப் புறப்பட்டோம். அன்றும் பனி, அன்றும் நான் பிந்திவிட்டேன். வாசலில் வழக்கம்போலக் கேட்டேன். "இல்லை அம்மா, நோகேல்லை." ரயிலில் இருக்கும்போது ஒரு காலை இருக்கைக்கு அடியில் ஒளித்து ஒளித்து வைத்தாள். பிடித்து இழுத்துச் சப்பாத்தைக் கழற்றினேன். பெரிய சப்பாத்து உரசி, குதிக்காலில் தோல் உரிந்து, மேசில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"ஏனம்மா சொல்லேல்லை? கேட்டனான் எல்லே?"

நீங்கள் அவசரமாக நின்றீர்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானே சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டப் பார்த்தாள்.

"நான் நடப்பன் அம்மா" என்றாள், தமிழில். "அழ மாட்டன்."