ஏழு காலிக் கோப்புகள்

பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடி வைத்த சின்ன அறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிட்டார்கள். டிரைவர்களுக்கு மைக்கண்ணே. கண்டக்டர்களுக்கு மைக் சார். வீட்டில் கோபம் வந்தால் மனைவியும், "போதும், மைக்க ஆஃப் பண்ணுங்க" என்பாள்.

உண்மையில் அவர் ஒலிபெருக்கியில் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு டிரைவரின் பரம்பரையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட, அது நிலையம் முழுக்கக் கேட்டு, கீழே கைகலப்பாகிவிட்டது. அன்றிலிருந்து பதிவு செய்த அறிவிப்புகள் மட்டும்தான். மொத்தம் தொண்ணூற்று மூன்று. எல்லாம் மைக்கின் குரல், வேலையில் சேர்ந்த வருடத்துக் குரல். பேருந்து உள்ளே நுழையும்போது நேரக்காப்பாளர் கீழேயிருந்து போன் செய்வார். இவர் கணினியில் அதற்கான கோப்பை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு குறிப்பேட்டில் நேரம் எழுதுவார்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் செய்தித்தாளைப் பிரித்து, "இது என்ன பாஷை?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று மனைவி நினைத்தாள். மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருந்தது. கை, கால், பேச்சு எதற்கும் பழுதில்லை. எழுதக்கூட வந்தது. எழுதியதைப் படிக்கத்தான் வரவில்லை. தன் பெயரைத் தானே எழுதிவிட்டு, யாரோ கிறுக்கியதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ரொம்ப அபூர்வம்" என்று டாக்டர் பாராட்டுவதுபோலச் சொன்னார்.

ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. படிக்கத் தெரியாதவரை அந்த நாற்காலியில் விட்டுவைக்க மாட்டார்கள். அந்த நாற்காலி இல்லாத தன்னை அவருக்குக் கற்பனை செய்யத் தெரியவில்லை. காய்ச்சல் என்று பத்து நாள் விடுப்பு எடுத்தார். பதினோராம் நாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு அறைக்குப் போனார்.

அது பழைய கணினி. கோப்புறைக்குள் கோப்புகளை இழுத்து எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் இருக்கும். மனைவி ஒவ்வொரு பெயராகப் படித்தாள். அவர் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துப் பார்த்து இழுத்து வைத்தார். ஜன்னலுக்கு வெளியே நிலையம் எப்படி இருந்ததோ அப்படியே திரையிலும் வந்தது. இடது மூலையில் ஒன்றாம் தடம். நடுவில் ஆஸ்பத்திரிப் பேருந்து. தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் காலி. தூண் இருக்கும் இடத்தில் காலி. காணாமல்போன குழந்தைக்கான அறிவிப்பு, வாசலுக்குப் பக்கத்தில். அதன் பிறகு படிக்கவேண்டிய தேவை இல்லை. கண் வெளியே பார்த்தது, கை தானாகப் போனது. ஏழு மாதத்தில் ஒரு தவறும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை புதுக் கணினி வந்தது. பொருத்த வந்த பெண் பழையதைத் திறந்து தூசியைத் தட்டி, கோப்புகளைப் புதியதில் ஏற்றிக் கொடுத்தாள். மைக் திரையைப் பார்த்தார். எல்லாம் இடைவெளி இல்லாமல் அணிவகுத்து நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தார். நகரவில்லை.

"என்னம்மா, இது ஒட்டிக்கிட்ட மாதிரி நிக்குது?"

"இப்ப வர்றதுல அப்படித்தான் சார். ஃபோல்டருக்குள்ள எல்லாம் தானா பேர் வரிசையில நிக்கும். இஷ்டத்துக்கு இழுத்து வைக்க முடியாது."

"பழசுல வந்துச்சே."

"பழசுல கரப்பான் பூச்சிகூடத்தான் வந்துச்சு. இப்ப பார்த்தீங்கல்ல?" சிரித்துக்கொண்டே பையை மூடினாள். "உங்களுக்குன்னு ஒரு வரிசை வேணும்னா பேருக்கு முன்னால நம்பர் போட்டு விடுங்க. அந்த நம்பர்படி நிக்கும். ரெண்டு நிமிஷ வேலை."

அவள் போனபோது மணி பத்தரை. சுவர்க்கடிகாரத்தின் முட்களை அவரால் இன்னும் புரிந்துகொள்ள முடிந்தது.

பத்து நாற்பதுக்கு போன் அடித்தது. "மைக்கண்ணே, ஆஸ்பத்திரி வண்டி உள்ள வருது. அஞ்சாம் தடம்."

தொண்ணூற்று மூன்று கோப்புகள். எல்லாம் ஒரே முகம். கீழே எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்துகள். நடுவில் ஒன்றைத் தட்டினார். அவருடைய பழைய குரல் கணீரென்று, ஆஸ்பத்திரி செல்லும் பேருந்து பன்னிரண்டாம் தடத்திலிருந்து புறப்படும் என்றது. அது தடம் மாறும் நாட்களுக்கான பதிவு. ஜனங்கள் பன்னிரண்டை நோக்கி ஓடினார்கள். அவர் அடுத்ததைத் தட்டினார். அது துறைமுகம். அதற்கடுத்தது, புகை பிடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிப் பேருந்து ஐந்தாம் தடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, பாதி காலியாகக் கிளம்பிப் போனது.

நீளமான ஸ்கேன் கவரோடு ஒரு பெண் பன்னிரண்டாம் தடத்திலிருந்து திரும்பி ஓடிவந்தாள். வண்டி வாசலைத் தாண்டிவிட்டிருந்தது. யாரிடமோ கேட்டாள். அந்த ஆள் மாடியைக் காட்டினார். அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கவரை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஆஸ்பத்திரி வண்டி ஒன்றரைக்குத்தான். அதுவரை மைக் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வண்டிகளுக்கு எதையும் தட்டவில்லை. "புது மெஷின் தகராறு பண்ணுது" என்று போனில் சொன்னார். குறிப்பேட்டில் பத்து நாற்பதை எழுதாமல் விட்டார்.

இரண்டு மணிக்கு மனைவி வந்தாள். இரண்டிலிருந்து நாலுவரை வண்டிகள் குறைவு.

"முதல்ல மூச்சு விடுங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"நீ படி. நான் நம்பர் அடிக்கறேன்."

அவருக்குத் தட்டச்சு விரலில் இருந்தது. அவள் படிக்க, அவர் வெளியே பார்த்து எண் போட்டார். நாற்பதைத் தாண்டியபோது அவள் நிறுத்தினாள்.

"குழாய் இருக்கிற இடத்துக்கு என்ன செய்யறது? அங்க ஃபைலே இல்லையே."

"அங்கயும் ஏதாவது நிக்கணும். இல்லேன்னா பின்னால இருக்கிறதெல்லாம் ஒரு இடம் தள்ளி வந்துடும்."

"ஒண்ணுமில்லாததுக்கு எங்க போறது?"

காதில் மாட்டும் மைக்கை எடுத்து வைத்து, ஒன்றும் பேசாமல் பத்து விநாடி பதிவு செய்தார். அதற்கு ஓர் எண் மட்டும் கொடுத்தார். அது போய்க் குழாயடியில் நின்றது. தூணுக்கு ஒன்று, கழிப்பறைச் சுவருக்கு இரண்டு. ஆறாவதைப் பதிவு செய்யும்போது மனைவி பேசிவிட்டாள். அவர் கையை வீசி, உஷ் என்று அடக்கினார். நேரமாகிக்கொண்டிருந்ததால் திரும்பச் செய்யவில்லை. காலி இடத்தை யார் தட்டப்போகிறார்கள்? ஏழையும் முடித்தபோது மணி நாலு. நிலையம் திரைக்குத் திரும்ப வந்திருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒரு தவறும் இல்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி வண்டி வந்தபோதும் பெஞ்சைப் பார்த்தார். அவள் வரவில்லை. வராததற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். அவருக்கு ஒன்றுதான் தோன்றியது.

வியாழக்கிழமை மதியம் நிலைய அதிகாரி மாடிக்கு வந்தார். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கையில் ஒரு தாள்.

"அண்ணே, இத கொஞ்சம் பாருங்க."

"வச்சிட்டுப் போங்க தம்பி. சாயங்காலம் பார்க்கறேன்."

போன் அடித்தது. மைக் திரும்பிப் பேசினார். அதிகாரி திரைமேல் குனிந்தார்.

"இது என்னண்ணே, பேரே இல்லாம வெறும் நம்பரா நிக்குது?"

"அத தொடாதீங்க!"

அதற்குள் தட்டிவிட்டார். நிலையத்தின் பதினாறு ஒலிபெருக்கிகளிலும் ஒரு மூச்சு கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்: "படிக்க வரலன்னு சொல்லிடுங்களேன். தலையையா வாங்கிடுவாங்க?" பிறகு அவர் குரல், பழையது இல்லை, இப்போதையது: "உஷ், சும்மா இரு. ரெக்கார்டு ஓடுது."

கீழே இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு டிரைவர் நிமிர்ந்து, "மைக்கண்ணே, வீட்டம்மா சொல்றத கேளுங்க!" என்று கத்தினான்.

அதிகாரி சிரிக்கவில்லை. தாளை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"இதுல என்னண்ணே எழுதியிருக்கு?"

மைக் தாளைப் பார்த்தார். எறும்புகள். ஐந்து வரி. கீழே ஒரு கையெழுத்து. அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாளாக அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அதுதான்.

"அந்த ஆஸ்பத்திரிப் பொம்பளை புகார் குடுத்திருக்காங்க" என்றார். "திங்கக்கிழமை, ஸ்கேன் கவரோட வந்தவங்க. நான்தான் தப்பா தட்டினேன். வண்டிய விட்டுட்டாங்க. அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா தம்பி?"

அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பினார்.

"அப்படி யாரும் புகார் குடுக்கலண்ணே. நாளைக்கு குழாய் ரிப்பேர், தண்ணி வராதுன்னு எழுதியிருக்கு. நீங்க ரெக்கார்டு பண்ணணும்னு கொண்டாந்தேன்."

போன் அடித்தது. மைக் எடுத்துக் கேட்டார், ஜன்னலைப் பார்த்தார், தட்டினார். துறைமுகம், பதினேழாம் எண், மூன்றாம் தடம். சரியாக இருந்தது. அதிகாரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேற ஆள அனுப்பறேன்" என்றார். "உங்கள இதுக்கு மேல இங்க உக்கார வைக்க என்னால முடியாதுண்ணே. கீழ வாசல்ல ஏதாவது வேலை கேட்டுப் பார்க்கறேன். குடுப்பாங்களான்னு தெரியல."

"வர்றவரு இந்த வரிசைய மாத்திடுவாரு."

"மாத்தத்தான் செய்வாரு. அவருக்குப் படிக்கத் தெரியுமே."

மைக் குறிப்பேட்டை இழுத்தார். பக்கங்களைத் திருப்பினார். திங்கட்கிழமைப் பக்கம் எது என்று தெரியாமல், தன் கையெழுத்து கடைசியாக முடிந்த இடத்திலேயே எழுதத் தொடங்கினார். நாள், பத்து நாற்பது, ஆஸ்பத்திரி வண்டி, தவறான அறிவிப்பு, ஒரு பெண் பேருந்தைத் தவறவிட்டார். எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. புத்தகத்தை அதிகாரியின் பக்கம் திருப்பினார்.

"சரியா எழுதியிருக்கேனா தம்பி?"

அதிகாரி குனிந்து படித்தார்.

"சரியாத்தான் இருக்குண்ணே."